நாற்பத்தொன்றாவது பொட்டு

மெதுவாகத் திறக்கப்பட்ட எந்தக் கதவுக்குப் பின்னாலும் உலக வரலாற்றில் இதுவரை ஒரு குற்றவாளிகூட அகப்பட்டதில்லை.

இது துப்பறிவாளர் சேதுராமனின் கொள்கை. விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்தே வைத்திருந்தார். முன்பக்கத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அந்த இலக்கத்தில் ஒன்று பிழை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் கண்டியில் குற்றமே நடக்கவில்லை என்றும், தன் பெயருக்குப் பயந்துதான் நடக்கவில்லை என்றும் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கொள்கையை அச்சடித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். கதவோ, மேசை லாச்சியோ, கடித உறையோ, சோடாப் போத்தலோ, எதுவானாலும் படார் என்றுதான் திறப்பார். கட்டுகலையில் புடவைக் கடைக்கு மேலே இருந்த அவருடைய அலுவலகக் கதவின் கைப்பிடி இப்போது கதவில் இல்லை. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருந்தது.

துப்பறிய வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். தொலைந்துபோன அலுவலகக் கோவைகளைத் தேடுவதுதான் வேலை. அவர் தேடிக் கிடைக்காத கோவை ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் அவருடைய சொந்த லாச்சியிலேயே கிடைத்தன என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு.

"சேர், ஹந்தானைப் பக்கமா?" என்று கேட்டான் மர்சூக். த்ரீவீல் ஓட்டுநர், உதவியாளர், கடன் கேட்காத ஒரே நண்பன் என்று மூன்று பதவிகளை வகிப்பவன்.

"ஆமா. இரத்தினம்மாவோட மீன் கொட்டகை. வெடிவிபத்து. இல்ல, வெடி. விபத்தா இல்லையான்னு சொல்லத்தான் நான் போறேன்."

"முந்தாநேத்து சரஸ்வதி பூசைக்குப் போனீங்களே, அங்கயா?"

"அதே இடம்தான். அப்ப சிறப்பு விருந்தினர். இன்னைக்குத் துப்பறிவாளர். மனுஷன் ஒருத்தன்தான், மர்சூக். பதவிதான் மாறுது."

"சோறு அன்னைக்குப் போட்டாங்க. இன்னைக்குப் போடுவாங்களா?"

அதே கேள்விதான் சேதுராமனுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹந்தானைக்கு ஏறும் பாதையில், முதல் தேயிலைச் செடி தென்படுவதற்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. உள்ளே வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள். தொட்டி நிறைய வால் விரித்த கப்பி மீன்கள். பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பத்து மீன், மிச்சத்துக்கு ஒட்சிசன். அடைத்து, ரப்பர் நாடா போட்டு இறுக்கி வான் வண்டியில் ஏற்றினால் மீன்கள் கொழும்பு போய், அங்கிருந்து விமானம் ஏறும். கண்டியில் பிறந்து வெளிநாடு போகிறவர்களில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்காதவை இந்த மீன்கள் மட்டும்தான்.

இரத்தினம்மா வாசலுக்கே வந்தாள். ஐம்பதை நெருங்கும் தொழில்காரி. வலது கையில் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. புருவத்தில் பாதி இல்லை.

"வாங்க சேர். பாருங்க என் கோலத்த."

"பதறாம மொதல்லேருந்து சொல்லுங்க."

"நேத்து விஜயதசமி. நல்ல நேரம் பாத்து வேலை ஆரம்பிச்சேன். சிலிண்டர் மூடியக் கழட்டினேன், ரெகுலேட்டர மாட்டினேன், சாமிய நெனச்சு ஒரே திருகு. அவ்வளவுதான். பளிச்சின்னு ஒரு வெளிச்சம். ரெகுலேட்டர் மெழுகுவத்தி மாதிரி எரிஞ்சிச்சு. வேலைக்கு நிக்கிற பேச்சியம்மா ஓடியாந்து சாக்கப் போத்தித் திருகிய மூடலன்னா நான் இல்ல."

மேசைமேல் கருகிய ரெகுலேட்டர் கிடந்தது. பக்கத்தில் குட்டையான மஞ்சள் ஒட்சிசன் சிலிண்டர். மற்றக் கடைகளில் நிற்கும் ஆளுயர இரும்புச் சிலிண்டர் அல்ல, சுழியோடிகள் முதுகில் கட்டிக்கொள்ளும் ரகம். தலையில் ஒரு வால்வு. அதன் பக்கவாட்டில் வட்டமான ஒரு முகம். முகத்தின் நடுவில் சின்னத் துளை. இப்போது முகம் கறுத்துப்போயிருந்தது.

"இது கடல்ல முங்கிறவங்களோடதாச்சே. மீனுக்கு எதுக்கு?" என்றான் மர்சூக். "அதுங்க ஏற்கெனவே முங்கித்தானே ஈக்கு?"

"லெட்சுமணன் கொண்டாந்தது தம்பி. திருகோணமலையில சுழியோடியா இருந்தவன். அந்தக் கம்பெனிய மூடினப்போ கையோட எடுத்தாந்தான். பாரம் இல்ல, குளத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம். அவன்தான் கழுவுவான், நிரப்புவான், திறப்பான். வேற யாரையும் தொட விடமாட்டான்." இரத்தினம்மா கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் கொஞ்சம் அவசரத்துல திறந்துட்டேன்னு ரெண்டு வாரத்துக்கு முந்திச் சண்ட போட்டான். எல்லார் முன்னுக்கும் என்ன சொன்னான் தெரியுமா? 'அக்கா, இதப் படார்னு திறந்தீங்கன்னா ஒருநாளைக்கு மூஞ்சியில பத்தும்'னான். சொல்லிட்டு வேலைய விட்டுட்டுப் போயிட்டான்."

சேதுராமன் நிமிர்ந்தார். "மிரட்டல்! எந்த இடத்துல, எந்த முறையில, உடம்புல எந்தப் பாகத்துலன்னு சொல்லியே மிரட்டியிருக்கான்."

"சேர், புத்தி சொல்றதும் அப்படித்தானே ஈக்கும்?"

"மர்சூக், புத்தி சொல்றவன் பலிக்கிற மாதிரிச் சொல்ல மாட்டான். கடைசியா வால்வத் தொட்டது யாரு?"

"அவன்தான்," என்றாள் இரத்தினம்மா. "போன சனிக்கிழமை வந்து கழட்டிக் கழுவி நிரப்பி வச்சிட்டுத்தான் போனான். கடைசி ஒத்தாசையாம். ஞாயித்துக்கிழமை மாலைதீவுக்கு ஏறுறான். அங்க சுழியோடி வேலை கெடச்சிருக்கு. ஏற விட மாட்டேன் சேர். பொலிஸ்ல சும்மா சந்தேகத்துக்கெல்லாம் எழுத முடியாது, ஏதாவது கொண்டாங்கன்னாங்க. ஒங்க கையால ஒரு அறிக்கை குடுத்தா மூணு மணிக்குப் போய் முறைப்பாடு போட்டுருவேன். பொலிஸ்ல பேரு ஏறிட்டா அவன் எந்தப் பிளேன்ல ஏறுறான்னு பாக்குறேன்."

சேதுராமன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். தடயம் தேடினார் என்று சொல்ல வேண்டும். உண்மையில் தன் கைவண்ணத்தைப் பார்த்துப் பூரித்தார்.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அன்றைக்கு அச்சகம், கராஜ், சலூன் என்று கண்டியில் ஆயுதம் வைத்திருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் ஐயரைத் தேடுவார்கள். இரத்தினம்மாவுக்கு ஐயர் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சிறப்பு விருந்தினரே சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தராசு, பை ஒட்டும் இயந்திரம், மீன் வலை, தண்ணீர்ப் பம்பு, விளக்குமாறு, மின்சுவிட்ச் எதையும் விடவில்லை. திருநீறு பட்டையடித்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டார். இரும்பிலும் தகரத்திலும் சந்தனம் காய்ந்து உதிர்வதைக் கண்டு, விளக்கு நல்லெண்ணெயைச் சேர்த்துக் குழைத்தது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"பாத்தியா? ரெண்டு நாளாச்சு. ஒண்ணாவது உதிர்ந்திருக்கா? நாப்பத்தொரு பொட்டு. ஒத்தப்படையில இருக்கணும்னு எண்ணி எண்ணி வச்சேன்."

மர்சூக் சும்மா இருக்க முடியாதவன். விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போய்த் திரும்பி வந்தான்.

"நாப்பதுதான் சேர் ஈக்கு."

"நாப்பத்தொண்ணு."

"ரெண்டு தரம் எண்ணிட்டேன். அந்தக் கதிரைக்கு வச்சதையும் சேத்து."

"ஒனக்கு எண்ணத் தெரியல. துப்பறிய வந்த இடத்துல பொட்டு எண்ணிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அதோடு அந்த விவகாரத்தைச் சேதுராமன் மூடிவிட்டார். தடயம் என்று ஏதாவது எடுத்தாக வேண்டும். சிலிண்டர் பாரம், ரெகுலேட்டர் கரி. வால்வின் முகத்தை மூடியிருந்த கறுப்பு ரப்பர் மூடி ஒரு தட்டில் கிடந்தது. வெடிப்பதற்கு முன் கழற்றி வைத்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்கு அடக்கமாக இருந்தது. உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளிப்பக்கமே போதிய அளவு மர்மமாக இருந்தது.

பிறகு கதிரையில் உட்கார்ந்து, பொட்டு கலையாமல் சற்றே முன்னால் உட்கார்ந்து, எட்டு நிமிடத்தில் அறிக்கை எழுதினார். 'இது திட்டமிட்ட நாசவேலை. செய்தவர் லெட்சுமணன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.' கையெழுத்துப் போட்டு, திகதியிட்டு, இரத்தினம்மாவின் இடது கையில் கொடுத்தார்.

"சேர், அந்த ஆள இன்னும் பாக்கவே இல்லையே?" என்றான் மர்சூக் வெளியே வந்ததும்.

"அதுக்குத்தான் இப்பப் போறோம்."

"எழுதினதுக்குப் பொறகா?"

"முன்னாடியே பாத்தா மனசு எளகிரும்."

மஹய்யாவில் ஏறும் படிகளை எண்ணினால் யாருக்கும் குற்றம் செய்யத் தோன்றாது. லெட்சுமணனின் வீடு எழுபத்திரண்டாவது படியில் இருந்தது. மூச்சு வாங்கி முடித்த சேதுராமன் கொள்கைப்படி ஓடிவந்து கதவைத் தள்ளினார். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. ஆகையால் அவர் நினைத்ததைவிட நாலு அடி கூடுதலாக உள்ளே போய், ஒரு சூட்கேசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு?" என்றது பின்பக்கமிருந்து ஒரு குரல்.

லெட்சுமணன் தண்ணீர்க் குழாயடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு. கழுவி முடித்தான் என்று நினைத்தபோது மறுபடியும் ஆரம்பித்தான்.

"குத்தம் செஞ்ச கைதான் இவ்வளவு கழுவும்," என்றார் சேதுராமன்.

"அப்ப எங்க ஆஸ்பத்திரியில டொக்டர்மாரெல்லாம்?" என்றான் மர்சூக்.

லெட்சுமணன் சிரிக்கவில்லை. துவாயில் துடைக்காமல் கையைக் காற்றில் உலர்த்தினான். "நீங்க யாருன்னு தெரியும் சேர். அக்கா ஆள் வப்பாங்கன்னு பேச்சியம்மா சொல்லிச்சு. அக்காவுக்குக் கை எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வி சேதுராமனின் கேள்விப் பட்டியலில் இல்லை. "நான்தான் கேப்பேன்," என்றார். "அந்த வால்வுக்குள்ள என்னத்த வச்ச?"

"ஒண்ணும் வைக்கலன்னுதான் இவ்வளவு கழுவுறேன்."

அவன் உள்ளே கூட்டிக்கொண்டு போனான். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பொலித்தீன் பைகளில் தனித்தனியாகக் கறுப்பு ரப்பர் வளையங்கள், ஒரு சின்னப் பிரஷ், விரல் நீளத்தில் ஒரு மசகுக் குழாய் எல்லாம் கட்டி வைத்திருந்தான். மூலையில் ஒட்சிசன் அடைத்த இன்னொரு மஞ்சள் சிலிண்டர் நின்றது. மாலைதீவு வேலைக்காரர்கள் கேட்ட சான்றிதழ்களோடு அவனுடைய கடவுச்சீட்டு சூட்கேசின்மேல் கிடந்தது.

"சும்மா காத்து அடைச்ச சிலிண்டருன்னா பரவால்ல சேர். இதுல தனி ஒக்சிஜன். சுழியோடிங்க வழக்கமாப் பூசுற சிலிக்கோன் கிரீஸ்கூட இதுக்கு ஆகாது. அதுக்கின்னு இருக்கிற மசகு இதோ, பயறு அளவுதான் தொடுவேன். மத்த எண்ணெ, கொழுப்பு, கைரேகை ஒண்ணும் ஆகாது."

"எண்ணெ பட்டா? நெருப்பு வேணுமே பத்துறதுக்கு?"

"சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்களா? பம்பு அடியில சுடும்ல? வால்வப் படார்னு திறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் ஒரே தாவாத் தாவி ரெகுலேட்டர் முட்டுல போய் அமுங்கும். அந்தச் சூடு போதும். சும்மா காத்துல எண்ணெ பத்த நெருப்பு வேணும். தனி ஒக்சிஜன்ல அதுக்கு ஒரு சாட்டு கெடச்சாப் போதும். அதான் மெதுவாத் திறக்கச் சொன்னேன். அக்கா அத மிரட்டுனதாச் சொல்றாங்க."

மூலைச் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிக் காட்டினான். ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருகியைத் திருகினான். திருகினான் என்றால் திருகியதாகத் தெரியவில்லை. சுவரில் போகும் பல்லி அவனை முந்திவிட்டது.

சேதுராமன் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வேகத்துல திறந்தா மீனுக்கு நரை விழுந்துரும்! கல்யாணப் பொண்ணு தலை நிமிர்ற மாதிரியல்லவா திறக்கிற? ஆம்பளையா லெட்சணமாத் திருக வேணாமா? மர்சூக், பாத்து வச்சுக்க. ஒரு மனுஷன் குழாய் திறக்கிறதப் பாக்க டிக்கட் போடலாம்."

லெட்சுமணன் திருகிக்கொண்டேயிருந்தான். முள் முழுக்க ஏறிய பிறகுதான் வாய் திறந்தான். "யாரோ எண்ணெ வச்சிருக்காங்க சேர். நான் சனிக்கிழமை கழுவி மூடி போட்டுட்டு வந்தேன். அதுக்குப் பொறகு யாரோ மூடியத் திறந்து எண்ணெ வச்சிருக்காங்க."

சேதுராமனின் கண்கள் மின்னின. அவருக்கு இப்படித்தான். ஒருவன் குற்றவாளி இல்லை என்று ஆனால் வருந்த நேரமிருக்காது, அடுத்தவனைப் பிடிக்கும் உற்சாகம் வந்துவிடும். எழுந்து உலாத்தத் தொடங்கினார். அறை சின்னது. இரண்டு அடி போய் இரண்டு அடி வந்தார்.

"அப்படின்னா கேளுங்க, அவன் எப்பேர்ப்பட்டவன்னு சொல்றேன். கொட்டகைக்குள்ள தாராளமா நடமாடக்கூடியவன். ஏன் மூடியத் திறக்கிறேன்னு யாரும் கேக்க முடியாத அந்தஸ்துல உள்ளவன். கையில எண்ணெயோட நிக்கிறான், யாருக்கும் சந்தேகம் வரல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போதே செஞ்சிருக்கான். எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

"பாத்தது மட்டுமா," என்றான் மர்சூக் மெதுவாக. "கும்பிட்டுக்கிட்டும் நிண்டீப்பாங்க."

"குறுக்க பேசாத. வேலைய முடிச்சுட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி மூடியத் திருப்பி மாட்டியிருக்கான். அங்கதான் தப்புப் பண்ணிட்டான். ஏன்னா அந்த மூடி" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து உறையை உருவிப் படார் என்று கிழித்தார், "இதோ, என் கையில!"

மூடி மேசைமேல் விழுந்து, உருண்டு, உட்புறம் மேலே தெரிய நின்றது.

உட்புறத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். அதன் நடுவில் சிவப்பாக ஒரு சின்ன வட்டம். அச்சில் ஏற்றியதுபோல அவ்வளவு சுத்தமான பொட்டு.

மர்சூக் குனிந்து மோந்து பார்த்தான். "நல்லெண்ணெ," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பத்தொண்ணு," என்றான்.

கீழே சந்தியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. சேதுராமனுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மஞ்சள் சிலிண்டர், அதன் தலையில் வட்டமாக ஒரு முகம், அந்த முகத்துக்கு ரப்பரில் ஒரு மூடி. முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறதே, பொட்டு எங்கே வைப்பது என்று அவர்தான் கழற்றினார். உள்ளே நெற்றி மாதிரி வழவழப்பாக இருந்தது. நடுவிலே துளைகூட, வைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதுபோல. வைத்தார். தூசு படாமல் இருக்கட்டும் என்று மூடியைத் திரும்பப் போட்டதும் அவரேதான். அது அவருடைய நல்ல குணம்.

"பெரிய எழுத்துல லேபல் ஒட்டியிருந்தேனே சேர்," என்றான் லெட்சுமணன். "எண்ணெ ஆகாது, மெதுவாத் திறன்னு."

"அதுக்கு மேல திருநீறு," என்றான் மர்சூக். "மூணு பட்டை. சேர் எழுத்தெல்லாம் மறைய நல்லாப் பூசியீக்கார்."

"ஐயர் வந்திருந்தா..." என்று ஆரம்பித்த சேதுராமன் நிறுத்திக்கொண்டார். ஐயர் வராதது ஒன்றுதான் அந்த வழக்கில் ஐயரின் பங்கு. வேறு யாராவது தன்னைப் போலவே வேடம் போட்டு வந்திருக்கலாமா என்று ஒரு விநாடி யோசித்தார். தன்னைப் போல இன்னொருவன் இருந்தால் கண்டி தாங்காது என்று அவருக்கே பட்டது.

லெட்சுமணன் கோபப்படவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. கடவுச்சீட்டை எடுத்து, ஒரு தரம் விரித்துப் பார்த்து, மூடி வைத்தான். "மூணு வருஷமா அலைஞ்சு கெடச்ச வேலை சேர். பொலிஸ்ல பேரு விழுந்துட்டா ஏர்போட்லயே நிப்பாட்டிருவாங்க. நீங்க அறிக்கையில என்ன எழுதப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எழுதியாச்சு," என்றான் மர்சூக்.

"எழுதியாச்சா?"

"கையெழுத்தும் போட்டாச்சு. அக்கா கையில குடுத்தாச்சு. இப்ப ரெண்டு இருபது. மூணுக்குப் பொலிசுக்குப் போறாங்க."

சேதுராமன் தொலைபேசியை எடுத்தார். மணி போய்க்கொண்டேயிருந்தது. இரத்தினம்மா எடுக்கவில்லை. கட்டுப் போட்ட கைக்காரி கைப்பைக்குள் கிடக்கும் தொலைபேசியை எப்படி எடுப்பாள்?

"எறங்குங்க," என்றார். அவர் குரலில் துப்பறிவாளர் இல்லை. "சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எடுத்துக்க லெட்சுமணா. ஏன்னு கேக்காத. நீ சொன்னா அவ கேக்க மாட்டா. நான் சொன்னா நம்ப மாட்டா. ரெண்டு பேருமாப் போவோம்."

கண்டியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு நரகத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. வெள்ளைச் சீருடைகள், வான்கள், குடைகள். சுரங்கப்பாதை அருகே த்ரீவீல் பத்து நிமிடம் அசையாமல் நின்றது. சேதுராமன் மூன்று முறை இறங்கி நடக்க முயன்றார். மூன்று முறையும் நடந்தவரை மர்சூக் எட்டிப் பிடித்து ஏற்றிக்கொண்டான்.

"சேர், ஒரு வழி ஈக்கு," என்றான் மர்சூக், கண்ணாடியில் அவரைப் பார்த்து. "பொட்டு வச்சது யாருன்னு தெரியாதுன்னு எழுதிறலாம். இவரும் தப்பிச்சிருவார். நீங்களும் தப்பிச்சிருவீங்க. மூடிய ஆத்துல போட்டாச் சரி."

அந்த யோசனை சேதுராமனுக்கு மஹய்யாவில் மூன்றாம் படி இறங்கும்போதே வந்திருந்தது. அதை மர்சூக்கும் கண்டுபிடித்துவிட்டானே என்றுதான் எரிச்சல் வந்தது. பக்கத்தில் லெட்சுமணன் சிலிண்டரை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். பார்க்காததுபோல இருந்தான்.

"தெரியாதுன்னு எழுதினா அவ நம்ப மாட்டா," என்றார் சேதுராமன் கடைசியில். "இவன்னுதான் மனசுக்குள்ள வச்சிருப்பா. ரோட்டப் பாத்து ஓட்டு."

ஹந்தானைப் பாதை ஏறியபோது மூன்றுக்கு நான்கு நிமிடம். இரத்தினம்மா வேறொரு த்ரீவீலில் ஒரு காலை வைத்துவிட்டாள். இடது கையில் மடித்த காகிதம். லெட்சுமணனைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"இவன ஏன் சேர் கூட்டியாந்தீங்க?"

"அறிக்கையில ஒரு பிழை இருக்கு."

"எழுத்துப் பிழையா? பரவால்ல, பொலிஸ்ல திருத்திக்கலாம்."

"பேருப் பிழை."

"அப்ப யாரு பேரு வரணும்?"

சேதுராமன் சட்டைப் பையைத் துழாவி, ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"இது ஒங்க கார்டுல்ல?"

"ஆமா."

"நான் பேரு கேட்டேன்."

"அதத்தான் குடுத்தேன்."

பிறகு ரப்பர் மூடியைக் காட்டினார். சந்தனத்தில் எண்ணெய் சேர்த்ததைச் சொன்னார். மூடியைக் கழற்றியதைச் சொன்னார். லேபலைத் திருநீற்றால் மெழுகியதைச் சொன்னார். வழக்கமாக ஒரு வழக்கை விளக்க அவருக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். நடுவில் உதாரணங்கள்கூடச் சொல்லவில்லை.

இரத்தினம்மா தன் கட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஒங்க கால்ல விழுந்து கும்பிட்டேன்," என்றாள்.

"சாமிக்குன்னுதான் எடுத்துக்கிட்டேன்."

"சாமின்னு நெனச்சுத்தான் விழுந்தேன்." அவள் லெட்சுமணன் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துப் பேசினாள். "எண்ணெ வச்சது இவரு. பொட்டக் கண்டும் சாமி பொட்டுன்னு தொடைக்காமப் படார்னு திருகினது நான். நீ சொன்னப்ப, நேத்து வந்தவன் எனக்குச் சொல்லித்தர்றதான்னு இருந்திச்சு."

"கை ஆறட்டும் அக்கா," என்றான் லெட்சுமணன்.

அவள் காகிதத்தைச் சேதுராமனிடம் நீட்டினாள். "நீங்களே கிழிங்க. எனக்கு ஒத்தக் கைதான்."

அவர் கிழித்தார். அவர் எழுதியதில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தச் சத்தம்தான். லெட்சுமணன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நாலு மணிக்குக் கொழும்பு வான் வருது," என்றாள் இரத்தினம்மா. "அறுபது பை அடைக்கணும். நேத்தே போகாம நின்ன மீனு. இன்னைக்கும் போகலன்னா அந்த ஆள் வேற எடத்துல வாங்கிக்குவான்."

லெட்சுமணன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மேசையைத் துடைத்தான். ரெகுலேட்டரை மாட்டினான். பிறகு திருகியைத் தொடாமல் ஒதுங்கி நின்றான்.

"என்னடா?"

"நான் ஞாயித்துக்கிழமை போயிருவேன் அக்கா. ஒங்க கை ஆற ஒரு மாசமாகும். பேச்சியம்மா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்னு சொல்லிருச்சு. இங்க வேற ஒரு ஆளு பழகியாகணும்." அவன் யாரையும் பார்க்கவில்லை.

இரத்தினம்மா பார்த்தாள். மர்சூக்கும் பார்த்தான். தொட்டியில் இருந்த கப்பிகள்கூடப் பார்ப்பதுபோலத்தான் சேதுராமனுக்குத் தோன்றியது.

அவர் குழாயடிக்குப் போனார். சட்டைக் கையை மடித்தார். சவர்க்காரத்தை எடுத்து முழங்கை வரை கழுவினார். விரலிடுக்கில் கொஞ்சம் சந்தன மஞ்சள் இன்னும் இருந்தது. அதை நகத்தால் சுரண்டிக் கழுவினார். முடிந்தது என்று திரும்பப் போனவர் நின்று, மறுபடியும் முதலிலிருந்து கழுவினார். துவாயை நீட்டினாள் இரத்தினம்மா. வேண்டாம் என்று தலையசைத்து, கைகளைக் காற்றில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஒதுங்கி நில்லுங்க சேர்," என்றான் லெட்சுமணன். "மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்குங்க. கைய மட்டும் வைங்க."

வைத்தார். பத்து வரை எண்ணினார். இன்னும் திருகவில்லை. மறுபடியும் எண்ணிக்கொண்டு ஒரு மயிரிழை நகர்த்தினார்.

வெளியே கொழும்பு வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. சாரதி இறங்கி வந்து வாசலில் எட்டிப் பார்த்தான். "என்னா, இன்னும் அடைக்கலையா? யாரு இந்த ஐயா? திருகத் தெரியாதா? தள்ளுங்க, நான் திறந்து விடுறேன்."

சேதுராமன் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்டரின் முள் அப்போதுதான் அசையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மயிரிழை நகர்த்தினார்.